சைவத் தோலில் ஒரு தழும்பு

கலீலுல்லாவை முப்பது வருஷமாக எந்த ஆடும் தொந்தரவு செய்ததில்லை. தோல் வேலையை விட்டுவிட்டு அவர் உயிர்களுக்கு நல்லவராக மாறிய மூன்றாவது வாரம்தான் ஒன்று வந்தது.

மும்பை தாராவியில் நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே வளையும் சந்தில் அவருடைய பட்டறை. சொந்த ஊர் திருநெல்வேலி மேலப்பாளையம். ஆட்டுத்தோல் வாங்கி, வெட்டி, பையாகவும் பர்ஸாகவும் தைத்து அனுப்புவார். எத்தனை ஆடுகள் தன் கையைத் தாண்டிப் போயின என்று அவர் எண்ணியதில்லை. ஆடுகளும் புகார் சொன்னதில்லை. புகார் வீட்டிலிருந்துதான் வந்தது.

மகள் பரீஹாவுக்குச் செம்பூரில் ஒரு விலங்கு ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. கறி சாப்பிடுவதை அவள் ஏற்கெனவே விட்டிருந்தாள். வேலைக்குக் கொண்டுபோக வாப்பா தைத்துக் கொடுத்த பையை அவள் தொடக்கூட இல்லை.

"காலையில ஒரு ஆட்டுக்குக் கட்டுப் போட்டுட்டு, சாயங்காலம் அதோட அண்ணன் தோல நான் தோள்ல மாட்டிட்டு வரணுமா வாப்பா?"

அப்படிக் கேட்டுவிட்டு, மளிகைக்கடைத் துணிப்பையில் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஊருக்கெல்லாம் பை தைத்தவருக்கு அந்தத் துணிப்பை நெஞ்சில் உறுத்தியது. மறுநாள் வாசலில் வைத்தே கேட்டார்.

"உயிரே இல்லாத பை ஒண்ணு தச்சுத் தந்தா எடுத்துக்கிடுவியாட்டி?"

"உயிரே இல்லாததுன்னா எடுத்துக்கிடுதேன்."

தோல் போனது, ரெக்சின் வந்தது. ஆட்டோ சீட்டில் கிடந்தவரைக்கும் அதன் பெயர் ரெக்சின்தான். இப்போது ரெக்சின் சுருளில் ஒட்டிய லேபிளில் இங்கிலீஷில் 'வீகன் லெதர்' என்று அச்சடித்திருந்தது. கலீலுல்லா அதைத் தமிழாக்கிப் பட்டறை வாசலில் பலகை மாட்டினார்: 'சைவத் தோல்'. சந்தே சிரித்தது. இளசுகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் அவர்கள் மட்டும் மரியாதையாகக் கடந்துபோனார்கள்.

"ஏன் பாய், மதியத்துக்கு ரெண்டு துண்டு வெட்டிச் சாம்பார்ல போடுவமா?" என்றான் தையல் மெஷினில் இருந்த சுடலைக்கண்ணன்.

"வாய மூடிட்டுத் தையும் வே. புண்ணியம் பண்ணுதவன பாத்தா உமக்குப் பொறுக்காதே."

புண்ணியத்தை எலிகள் ஒப்புக்கொள்ளவில்லை. முன்பெல்லாம் தோல் கழிவை விடிவதற்குள் கொறித்து முடித்துவிடும். இந்தக் கழிவை முகர்ந்து பார்த்துவிட்டுப் பட்டறையையே காலி செய்தன. வெட்டுத்துண்டுகள் மூட்டை மூட்டையாகக் குவிந்தன. மக்கவும் இல்லை, எரித்தால் மூச்சு விட முடியவில்லை. உயிரே இல்லாத பொருளுக்குச் சாவு மட்டும் எப்படி வரும்?

இனி அந்த ஆடு.

தோல்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கத்தியைத் தொடுவதற்கு முன் கண்ணை மூடிப் பெருவிரலால் தோல் முழுவதையும் தடவுவார்கள். முள் கிழித்தது, உண்ணி கடித்தது, எங்கே தழும்பு இருக்கிறதோ அங்கே சாக்பீஸ் வட்டம் விழும். வட்டத்தை ஒதுக்கிவிட்டு வெட்டுவார்கள். பழக்கதோஷத்தில் கலீலுல்லா ரெக்சினையும் தடவினார். சுடலைக்கண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே விரல் நின்றது.

குருவிக்கால் மாதிரி மூன்று கோடுகள். ஒரு முழம் தள்ளித் தடவினார். அங்கேயும் அதே மூன்று கோடுகள், அதே சாய்வு. இன்னொரு முழம் தள்ளி இன்னொன்று.

"இது உயிர்பட்ட தழும்புல்லா வே" என்றார். குரல் இறங்கிவிட்டது.

சுடலைக்கண்ணன் வந்து தடவிப் பார்த்தான். "ஆமா பாய். நான் டோம்பிவிலி பக்கம் ரெக்சின் கம்பெனில கெடந்தப்போ பாத்திருக்கேன். தோல் மாதிரி ரேகை விழணும்னா அச்சுக்கு ஒரு நெசத்தோலு வேணும்லா? ஒண்ணே ஒண்ணு போதும். அதோட அச்ச உருளையில ஏத்தி, ரெக்சின் மேல மைல் கணக்குல ஓட்டிக்கிட்டே இருப்பானுவோ."

"அப்போ இது ஆடா?"

"ஆடேதான். செத்து எத்தன வருஷமாச்சோ."

அன்றைக்கு அதற்குமேல் கத்தி ஓடவில்லை. தோலாக வந்த ஆடுகள் ஒரு தரம் செத்து, ஒரு பையோடு முடிந்தன. இது முடியவில்லை. சயான் ஸ்டேஷனில் எதிரே நின்ற பெண்ணின் கைப்பையில் அந்த மூன்று கோடுகள் இருந்தன. காட்கோபரில் ஆட்டோ சீட்டில் இருந்தன. மாட்டுங்காவில் பல் டாக்டரின் சோபாவில் உட்காரப் போனவர், ஓரத்தில் கோடுகளைக் கண்டு எழுந்து நின்றுகொண்டார். நர்ஸ், வலி தாங்க முடியாமல் நிற்கிறார் என்று நினைத்து முதலில் உள்ளே அனுப்பினாள்.

மகளுக்கான பை மட்டும் பாக்கி இருந்தது. வட்டம் போட்டு ஒதுக்கி வெட்டினால் பையில் தழும்பே வராது. முப்பது வருஷமாக வாங்குகிறவர்களுக்கு அவர் செய்ததும் அதுதான். ஆனால் உயிரே இல்லாதது என்று வாக்குக் கொடுத்தது மகளிடம். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். வட்டம் போடவில்லை. மூடிக்கு உள்பக்கம், கை போனால் தட்டுப்படுகிற இடத்தில், தழும்பு வரும்படி வெட்டித் தைத்தார். சொல்லத்தான் வாய் வரவில்லை. பையைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

பரீஹா மூடியைத் திறந்தாள். ஆஸ்பத்திரியில் நாய்களின் முடிக்குள் காயம் தேடித் தேடிப் பழகிய விரல். அதே இடத்தில் நின்றது.

"வாப்பா, உயிரே இல்லாததுன்னீங்க?"

"சொன்னேன்."

"இருக்கே."

எல்லாவற்றையும் சொன்னார். உருளை, அச்சு, சயான், சோபா, ஒன்றையும் விடவில்லை. அவள் கேட்டுக்கொண்டே கோடுகளைத் தடவிக்கொண்டிருந்தாள். இவர் பார்வை மூலையில் தொங்கிய துணிப்பையின் மேல் இருந்தது.

"இது ஆறின காயம் வாப்பா" என்றாள். "கிழிஞ்சு ரொம்ப நாள் உயிரோட இருந்திருக்கு. ஓரம் எவ்ளோ சுத்தமா கூடியிருக்கு பாருங்க. யாரோ பக்கத்துல உக்காந்து மருந்து வச்சிருக்காங்க."

டிபன் டப்பாவைப் புதுப் பையில் வைத்தாள். மூடியை மெதுவாக மூடிவிட்டு வேலைக்குப் போனாள்.

கலீலுல்லா வாசலிலேயே நின்றார். இத்தனை வருஷம் அவர் தழும்பைப் பழுது என்றுதான் வெட்டி எறிந்திருக்கிறார். எறிந்த ஒவ்வொரு தழும்புக்கும் யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து வைத்திருக்கக்கூடும். இதுவரை ஓர் ஆடுதான் வந்துகொண்டிருந்தது. இனி எத்தனை வருமோ!

அன்று சுனாபட்டிக்கு ஆட்டோவில் போகும்போது அவர் கை சீட்டைத் தடவிக்கொண்டே வந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, என்ன தேடுகிறீர்கள் என்று இந்தியில் கேட்டான்.

"கியா டூண்ட் ரஹே ஹோ, சாச்சா?"

"குச் நஹி" என்றார் கலீலுல்லா, ஒன்றுமில்லை என்று தலையசைத்து. விரலுக்குக் கீழே மூன்று கோடுகள் கிடைத்துவிட்டன. இறங்கும்வரை கையை எடுக்கவில்லை.