பாகற்காய் சொன்ன இடைத்தேர்தல் முடிவு

ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்யும் உருத்திரமூர்த்தி கனடாவைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆனாலும் அந்த நாட்டு இடைத்தேர்தல் முடிவுகளை நான்கு தடவை பிசகாமல் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். ரொறன்ரோக் கலியாணவீட்டு வீடியோக்களில், இலையில் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிற வேட்பாளர்தான் வெல்லுவார். அவ்வளவுதான் அவருடைய சாத்திரம்.

இம்முறை தேர்தலில் நின்றவன், அவருடைய மனைவி ரஞ்சினியின் ஒரே தம்பி சேயோன்.

"அத்தான், நான் வெல்லுவனோ?" என்று தொலைபேசியில் கேட்டான்.

உருத்திரமூர்த்தியின் கண்கள் கலங்கின. வீடியோவில் சேயோன் பாகற்காய்க் கறியைத் தொடாமலே இலையை மடித்திருந்தான்.

"வெல்லுவான் எண்டு சொல்லுங்கோ! இல்லாட்டி இந்த வீட்டிலை உங்களுக்குச் சோறு இல்லை" என்று பக்கத்தில் நின்ற ரஞ்சினி விம்மினாள்.

பொய் சொல்ல அவருக்கு நா எழவில்லை. "ஏலாது தம்பி. பாகற்காய் உன்னைக் கவுத்துப்போட்டுது."

சேயோன் முந்நூறு வாக்குகளால் தோற்றான். வென்றவர் அதே பந்தியில் பாகற்காயை இரண்டு தரம் கேட்டு வாங்கியவராம்.

முடிவு வந்த அன்று மத்தியானம் ரஞ்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாழையிலை விரித்தாள். சொன்னபடி சோறு இல்லை. இலை நிறையப் பாகற்காய்.

"சாப்பிடுங்கோ, பாப்பம்."

உருத்திரமூர்த்தி ஒரு துண்டும் மிச்சம் வைக்கவில்லை. அவருக்கும் அந்த வீட்டில் வெல்ல வேண்டியிருந்தது.