அப்பாவுக்கு வந்த அதே நோய்

அக்காவுக்கு வயிற்றில் புற்று என்று தெரிந்த அன்றைக்குத்தான், அப்பாவும் அதில்தான் செத்திருப்பார் என்று எங்களுக்குப் புரிந்தது.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் அப்பா நோயில் படுத்திருந்தபோது நான் சின்னப்பிள்ளை. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. கடைசியில் கஞ்சித் தண்ணீரும் இறங்கவில்லை. யாரோ செய்வினை வைத்துவிட்டதாக லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். அம்மா அதை நம்பவில்லை. தன் குழம்பின் உறைப்புதான் அவர் குடலைப் புண்ணாக்கியது என்று நம்பினாள். அதன்பிறகு எங்கள் வீட்டில் காரமே கிடையாது.

அக்கா கொழுந்து எடுக்கப் போனாள். அவள் உழைப்பில்தான் நான் படித்து ஹாலிஎலயில் டீச்சரானேன். வயிறு எரியுது என்பாள். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மலைக்குப் போய்விடுவாள். சட்டையெல்லாம் தொளதொளத்துப் போன பிறகுதான் அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போக முடிந்தது.

யாழ்ப்பாணத்துப் பெண் டாக்டர். அறிக்கையைப் படித்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"குடும்பத்தில வேற ஆருக்கும் இப்பிடி வந்ததோ?"

அம்மா அப்பாவைச் சொன்னாள். அப்பாவின் தங்கச்சியும் இப்படித்தான் உருகிப்போய்ச் செத்தாள் என்றாள்.

"சில குடும்பங்களில மரபணுவில ஒரு மாற்றம் வழிவழியா வரும். அது இருக்கிற எல்லாருக்கும் புற்றுநோய் வரும் எண்டில்லை. ஆனா, மற்றவையை விட வாறதுக்குச் சாத்தியம் கூட. இவவின்ர கூடப்பிறந்த ஆக்களும் குழாய் விட்டு வயித்தைப் பாக்கவேணும்."

"அப்ப என் சமையல்னால இல்லீங்களா?"

"உங்களில பிழை இல்லை அம்மா."

அம்மா வெளியே வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். "அந்த மனுசன் சாகுற வரைக்கும் உன் கொழம்புதான்டின்னு சொல்லிட்டே செத்தாரு" என்றாள்.

எனக்கும் குழாய் விட்டுப் பார்த்தார்கள்; இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருஷா வருஷம் வர வேண்டும் என்றார்கள். பக்கத்துக் கட்டிலில் அக்காவை வைத்துக்கொண்டு அதற்குச் சந்தோஷப்பட முடியவில்லை. மொனராகலையில் கடையொன்றில் வேலை செய்யும் தம்பி வர மறுத்தான். நன்றாகத்தான் சாப்பிடுகிறேன் என்றான். அக்கா என் போனை வாங்கினாள்.

"நானும் நல்லாத்தான்டா தின்னேன். எனக்காக ஒருக்கா போயிட்டு வா."

போனான். சின்னதாக ஓரிடத்தில் தொடங்கியிருந்தது. இரைப்பையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். அவன் எழுந்து நடந்ததைப் பார்க்க அக்கா இல்லை. அதற்கு முந்திய வாரமே போய்விட்டாள்.

தம்பி இப்போது கைப்பிடிச் சோற்றை நாள் முழுக்கக் கொஞ்சங்கொஞ்சமாகத் தின்கிறான். போன தீபாவளிக்கு வந்தபோது தன் மகள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சின்னக்கா, இவளுக்கும் இருக்குமா?"

"ரத்தத்துல பாக்கலாமாம். வளரட்டும்னு டாக்டர் சொன்னாங்க."

அவன் தலையாட்டினான். பிள்ளை இன்னொரு தோசை கேட்டது. அம்மா எழுந்து போய் ஊற்றினாள்.