கண்ணுக்குக் குளிர்ச்சி

புது டிவியைச் சுவரில் மாட்டிய ஆள் ரிமோட்டில் எதையோ அமுக்கினார். படம் லேசாக மஞ்சள் தட்டியது. "நீல வெளிச்சத்தக் குறைச்சிருக்கேன் சார். கண்ணுக்கு நல்லது" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நீலத்தை விற்றுப் பிழைத்தவன் நான். என்னிடமே நீலத்தை எடுத்துவிட்டு விற்கிறார்கள்.

பெட்டியைப் பிரித்தபோது வந்த புது பிளாஸ்டிக் வாசனை என்னை நேரே வண்ணார்பேட்டைக்குக் கொண்டுபோய்விட்டது. கறுப்பு வெள்ளை டிவி காலம். அங்கே ஒரு டிவி கடையில் விற்பனையாளாக நின்றேன். திரைக்கு முன்னால் தொங்கவிட நீல பிளாஸ்டிக் தகடு ஒன்று வரும், மேலே இரண்டு கொக்கியோடு. மாட்டினால் செய்தி வாசிக்கிறவர், வயல், மாடு எல்லாம் ஒரே நீலம். "கண்ணுக்குக் குளிர்ச்சின்னு சொல்லுலே, போதும்" என்பார் கடை அண்ணாச்சி. எனக்குப் போதவில்லை. "எங்க வீட்லயும் இதத்தான் மாட்டியிருக்கோம்" என்று ஒரு வால் சேர்த்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் டிவியே கிடையாது.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனா. தகட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "நெசமாவே நல்லதா தம்பி?"

"சார்வாள், எங்க வீட்லயும் இதான்." வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். கதவைத் திறந்தவர் அதே வாத்தியார். கூடத்தில் டிவி, அதன்மேல் என் நீலத் தகடு. காப்பி கொண்டுவந்த பெண்ணைப் பார்த்ததும் இவள்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அவர் கேட்டார், "உங்க வீட்ல எந்த டிவி தம்பி?"

என் அம்மா முந்திக்கொண்டாள். "டிவியா? எங்க வீட்ல ரேடியோதான இருக்கு!"

கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன். எழுந்து நின்று, "வீட்ல இருக்குன்னது பொய் சார்வாள். தகடு நல்லதுன்னது பொய்யில்ல. நம்பித்தான் வித்தேன்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "தப்ப ஒத்துக்கிட்டதுக்குப் பாதி மார்க்கு. மிச்சத்த எம் மவதான் போடணும்" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். போட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் நான் எப்போது போனாலும் மாமா வீட்டு டிவியில் அந்தத் தகடு தொங்கும். கலர் டிவி வாங்கும்வரை அவர் கழற்றவே இல்லை என்று கடையில் பெருமையடித்திருக்கிறேன். இன்றைக்கும் அதையே சொன்னேன். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அதப் போட்டா அப்பாவுக்குத் தலவலில்லா வரும். அலமாரிக்குப் பொறத்தாலதான் கெடக்கும். தெருமுனைல ஒங்க வண்டிச் சத்தம் கேட்டா, 'மாப்பிள்ள வாராவ'ன்னு ஓடிப்போயி மாட்டுவாவ. நீங்க கெளம்புறவரைக்கும் அந்த வலியோடதான் டிவி பார்ப்பாவ."

இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்குத் தெரியவில்லை. தகடு போனது, கறுப்பு வெள்ளைப் பெட்டி போனது, கடையும் போனது. எதற்கும் வருந்தியதில்லை. மாமா இல்லை என்பதுதான், அவர் போய் இத்தனை காலம் கழித்து, இன்றைக்குப் புதிதாக வலித்தது.

ரிமோட்டை எடுத்து மஞ்சளை அணைத்தேன். கூடமெல்லாம் நீலம் பளீரென்று விழுந்தது.

"கண்ணு வலிக்கும்லா" என்றாள்.

"இன்னைக்கு ஒரு நாள் வலிக்கட்டும்" என்றேன்.