காலியாக விட்ட மூன்று வரிகள்

மலையம்மாள் காரைக்குடியில் ஒரு பலகாரக் கூடத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் கைமுறுக்குச் சுற்றினார். மாவை விரல்களுக்கிடையே முறுக்கியபடியே துணியில் வளையம் வளையமாக வைத்துக்கொண்டு போகவேண்டும். கல்யாணச் சீருக்கு ஏழு சுற்று. மற்றவர்கள் மூன்று முறுக்கு முடிக்கும் நேரத்தில் அவர் ஐந்து முடிப்பார். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். எழுதப் படிக்கத் தெரியாது. எந்தத் தேதியானாலும் என் நோட்டில்தான் குறித்துவைக்கச் சொல்வார்.

2022 ஜூனில், அவருடைய ஐம்பத்தாறாவது வயதில், ஒரு நாள் காலை விரல்கள் மடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் முடக்குவாதம் என்றார்கள். ஞாயிறுதோறும் நான்கு மாத்திரை, விடாமல் போடவேண்டும். வீக்கம் வடிந்தது, வலி முழுவதும் போகவில்லை.

அடுத்த ஆண்டு நாட்டரசன்கோட்டைப் பக்கம் வைத்தியர் பாண்டிமுருகனிடம் போனார்.

“அரைமணி நேரம் ஒவ்வொரு விரலாப் பிடிச்சுப் பாத்தாருண்ணே. ஆஸ்பத்திரியில கையைத் தொடக்கூட இல்ல” என்று வந்து சொன்னார்.

கஷாயம், தடவ எண்ணெய், நாற்பத்தெட்டு நாள் பத்தியம். புளி, கத்திரிக்காய், கருவாடு கூடாது. 5.2.2023 ஞாயிறு தொடங்கி 24.3.2023 வரை. கூடத்தில் கூட வேலை பார்க்கும் மஹாலட்சுமி கேலி செய்வாளாம்: “அக்கா பக்கத்துல உக்காந்தா முறுக்கு எண்ணெய் வாடையா, வைத்தியரு எண்ணெய் வாடையாண்டே தெரியல!”

20.8.2023இல் இரண்டாவது பத்தியம், 11.2.2024இல் மூன்றாவது. ஒவ்வொன்றின் முடிவிலும் வீக்கம் கூடியிருந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை போதவில்லை என்று 2023 நவம்பரில் நான்கை ஐந்தாக்கினார்கள். வைத்தியர் கஷாயத்தைக் கூட்டினார். 2024 மார்ச்சில் வலது கையின் நடுவிரலும் மோதிரவிரலும் வளைந்து நின்றுவிட்டன.

கூடத்து முதலாளி குமரப்பன், “விரல் நிமிந்தா சுத்த வாங்க. அதுவரைக்கும் பாக்கெட் போடுங்க” என்று சொல்லிவிட்டார். பாக்கெட் போடும் இடத்தில் தன்னால் உட்கார முடியாது என்றார் மலையம்மாள். மதுரையில் மூட்டு டாக்டரைப் பார்க்க முடிவு செய்தார். போட்ட மருந்தையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்.

“வைத்தியர் மருந்து?” என்றேன்.

“அதை மட்டும் எழுதாதீக. டாக்டருக்குப் படிச்ச பிள்ளை நாலு பேருக்கு முன்னால வஞ்சா நான் எங்குட்டுப் போயி மூஞ்சிய வைக்க?”

கேட்டுக்கொண்டபடி எழுதவில்லை. ஆனால் அந்த மூன்று பத்தியத்தின் தேதிகளையும் போட்டு, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டேன்.

24.4.2024 அன்று நானும் கூடப் போனேன். டாக்டர் சௌபர்ணிகா தாளைப் படித்துவிட்டு, வளைந்த விரல்களைத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

“இந்த மூணு இடமும் ஏம்மா காலியா இருக்கு?”

மலையம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“பத்தியத்துல இருந்தேன் தாயி. ரெண்டு மருந்து வயித்துல சேரக் கூடாதுல்ல. அதான் மாத்திரைய நிறுத்திட்டேன்.”

டாக்டர் வையவில்லை. “இனி விடாமப் போட்டா மத்த விரலைக் காப்பாத்தலாம். இந்த ரெண்டும் நிமிராதும்மா” என்றார். கஷாயத்தில் என்னென்ன சேர்கிறது என்று கேட்டுவரச் சொன்னார். தெரியும்வரை குடிக்க வேண்டாம், எண்ணெய் தடவலாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். பத்திய நாட்களில் போடாத மாத்திரைகளைக் குப்பையில் போட மனம் வராமல் அதில் சேர்த்துவைத்திருந்தார். தொண்ணூற்றொன்று. முதல் இரண்டு பத்தியத்துக்கு இருபத்தெட்டு, இருபத்தெட்டு, மூன்றாவதற்கு முப்பத்தைந்து. மூன்று முறையும் ஏழேழு ஞாயிறு.

அதே தாளோடு வைத்தியரிடமும் போய் நடந்ததைச் சொன்னோம். அவர் தாளை இரண்டு முறை படித்தார்.

“மாத்திரைய நிறுத்தச் சொன்னேனாக்கா?”

“பத்தியம்னு சொன்னீகளே.”

“புளியச் சொன்னேன், கருவாட்டச் சொன்னேன். மாத்திரை போடுறதே எனக்குத் தெரியாதே.” தாளைக் கீழே வைத்துவிட்டு, “நானும் கேக்கல” என்றார்.

நானும் கேட்கவில்லை. பத்தியத் தேதியும் மாத்திரைத் தேதியும் என் நோட்டில் ஒரே பக்கத்தில் இருந்தன.

கஷாயத்தில் சேரும் சரக்குகளை வைத்தியரே தாளின் பின்புறம் எழுதித் தந்தார். மறுநாள் காலை மலையம்மாள் வந்து, காலியான மூன்று வரியையும் நிரப்பச் சொன்னார்.

“மாத்திரை போடல. யாரும் நிறுத்தச் சொல்லல. நானாத்தான் நிறுத்துனேன். இப்படியே எழுதுங்கண்ணே, மூணுலயும்.”

எழுதி வாசித்துக் காட்டினேன். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கூடத்துக்குப் புறப்பட்டார். அன்றைக்கு அவர் முறுக்குத் துணிப் பக்கம் போகவில்லையாம். யாரும் மறுபடி சொல்லாமலே பாக்கெட் போடும் இடத்தில் உட்கார்ந்தாராம். சாயந்தரம் மஹாலட்சுமி சொன்னாள்.