மிச்சம் வைத்த அட்டை

இறால் கம்பெனியில் முள் குத்திச் சீழ் பிடித்த என் விரலுக்கு, ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் வலி விட்டதும் நிறுத்திவிட்டேன். மிச்சத்தை யார் வீசுவார்கள்? காத்திவாக்கத்தில் எங்கள் வரிசையில், ஒரு வீட்டு மிச்ச மாத்திரை இன்னொரு வீட்டுக்குப் போகும்.

அன்று வேலை முடிந்து அலுத்து வந்தேன். பக்கத்து வீட்டுச் செல்விக்குச் சளிக் காய்ச்சல். அட்டையில் ஒன்றைக் கத்தரித்து நீட்டினேன்.

"போட்டுக்கோ செல்வி. எனக்கு சோக்கா கேட்டுச்சு."

அரை மணியில் அவள் முகம் வீங்கி, மூச்சு இழுத்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள்.

"என்ன மாத்திரை? யார் குடுத்தது?" என்றார் டாக்டர்.

செல்வி என்னைப் பார்க்கவேயில்லை. "பேரு தெர்ல டாக்டர். நானே கடைல வாங்கிகினேன்."

நான் அவள் கட்டிலுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"பேர் தெரியாம விட்டா, நாளைக்கு வேற யாராவது இதையே குடுப்பாங்க. அடுத்த தடவை உயிர் போயிடும்மா."

கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்ற காலோடு வீட்டுக்குப் போய், மிச்ச அட்டையைக் கொண்டுவந்து டாக்டர் மேசையில் வைத்தேன்.

"என்னுது டாக்டர். நான்தான் குட்த்தேன்."

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "பென்சிலின் வகை. சிலருக்கு ஒத்துக்காது. உங்க சீழுக்குக் கேக்கும், அதையும் முழுசா முடிக்கணும். சளிக் காய்ச்சலுக்கு இது கேக்கவே கேக்காது."

செல்வியின் சீட்டில் அந்த மருந்தின் பெயரைச் சிவப்பில் எழுதினார்.

எங்கள் வரிசையில் இன்றுவரை செல்வி யாரிடமும் என் பெயரைச் சொன்னதில்லை. அதனால்தான் நானே சொல்கிறேன்.