கட்டிலுக்கு அடியில

ஆஸ்பத்திரியில பெருக்கித் துடைக்கிறது குனிஞ்ச தலைக்காரிக்குன்னே அமைஞ்ச வேலை. முகம் பாத்துப் பேச எனக்குக் கூச்சம். கைக்குழந்தையை அம்மாகிட்ட விட்டுட்டு வந்து, கள்ளக்குறிச்சியில கட்டில் கட்டிலா குனிஞ்சு பெருக்குறேன். கட்டில்ல நோயாளி, கீழ பாய் போட்டுத் துணைக்கு வந்தவங்க. துடைப்பம் பிடிக்கிற அக்காமாருங்களே, உங்களுக்கே தெரியும்: ஆம்பளைங்க வார்டுல கட்டிலுக்கு அடியில எப்பவும் ஒரு பொண்டாட்டி இருப்பா. பொம்பளைங்க வார்டுல பாதிக் கட்டிலுக்கு அடியில துடைப்பம் இடிக்கிறதே இல்ல.

கார்டு இருக்குது, ஆளு இல்ல

பச்சையம்மா மணலூர்பேட்டைப் பக்கம். கரும்புக் கொல்லையில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடிஞ்சுது. புருஷன் செத்துப் பல வருஷம், பிள்ளையும் இல்ல. அரசாங்கக் காப்பீட்டுக் கார்டு இருந்ததால ஆபரேஷனுக்கு அனுமதி வந்துடுச்சு. "துணைக்கு யாரு?"ன்னு நர்ஸ் கேட்டாங்க. யாருமில்ல. ஆபரேஷன் தள்ளித் தள்ளிப் போச்சு, முதுகுல படுக்கைப் புண்ணு வந்துச்சு. இப்படியே கெடந்தா உசுருக்கு ஆபத்துன்னுட்டாரு டாக்டர். முதுகைத் துடைச்சு விட்ட என்கிட்ட அந்தம்மா சொன்னாங்க: "கார்டு குடுத்தவங்க கூடவே ஒரு ஆளையும் குடுத்திருக்கலாம்மா."

அது அவரு கார்டு

எதிர் வார்டுல கோவிந்தன், நெஞ்சு வலிக்கு ஸ்டென்ட் வச்ச பெரியவர். அவரு கட்டிலுக்கு அடியில சம்சாரம் சரசம்மா. அவங்க காதுல மெதுவா பச்சையம்மா கதையைப் போட்டேன். உடனே பாயைச் சுருட்டிக்கினு பச்சையம்மா கட்டிலுக்குக் கெளம்பிட்டாங்க. "இன்னாடி, என்னை வுட்டுட்டு எங்க போற?"ன்னு பெரியவர் கத்தினாரு. "நீதான் எழுந்து நடக்குறியே, கம்முனு கெட."

துணை வந்ததும் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. மறுநாள் பெருக்கப் போனா, பாய்க்கு வெளிய நீட்டியிருந்த சரசம்மா பாதத்துல சீழ் வச்ச புண்ணு. சக்கரைப் புண்ணு. நர்ஸைக் கூப்பிட்டேன். "வூட்டுக்காரருக்குக் கார்டுல பாத்தீங்களே, இதையும் காட்டியிருக்கலாமில்ல?"ன்னு அவங்க திட்டினாங்க. சரசம்மா முழிச்சாங்க: "அது அவரு கார்டாச்சே, அவரு படம்தானே போட்டிருக்குது?"

கீழ படுத்தவரு

அந்தக் கார்டுல அவங்க பேரும் இருந்துச்சு, அதுலயே சரசம்மாவையும் கட்டில்ல சேத்துக்கிட்டாங்க. ஒரு விரல் போச்சு, காலு தப்பிச்சுது. அவங்க கட்டிலுக்கு அடியில துடைப்பத்தை நீட்டினேன், எதுவோ இடிச்சுது. குனிஞ்சு பாத்தா, டிஸ்சார்ஜ் ஆகியும் வூட்டுக்குப் போகாத கோவிந்தன் பெரியவர் சுருண்டு படுத்திருக்காரு. பொம்பளைங்க வார்டுன்னாலும் பகல் நேரம்தானேன்னு நர்ஸ் விட்டிருக்காங்க. என்னைப் பாத்துச் சொன்னாரு: "தரை இம்மாம் சில்லுன்னு இருக்குதேம்மா, இவ ஒரு நாளும் சொன்னதே இல்ல."

கட்டில்ல படுக்கக் கார்டு வந்துடுச்சு, கீழ படுக்குற ஆளுதான் இன்னும் எந்தக் கார்டுலயும் வர்ல.