முப்பத்துநான்கு அடி வட்டம்

வண்டி திரும்ப இடமில்லாமல் ஒரு பெண் செத்துப்போனால், அந்தப் பழியைப் பேயின்மேல் போடுவீர்களா?

திருவொற்றியூரில் போடுகிறார்கள். டில்லிபாபு வாடகைக் கார் ஓட்டுகிறவர். பதினாறு வருடம் ஆம்னி ஓட்டினார். அதை விற்றுவிட்டு எர்டிகா வாங்கிய இரண்டாவது வாரம், காற்றில் ஏதோ வாயு கலந்து ஊரெல்லாம் கண் எரிந்த ஒரு சாயங்காலம், மனைவி மோகனப்ரியாவுக்கு மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரி எதிர்த்திசையில். சாலை நடுச்சுவரின் இடைவெளியில் வண்டியை ஒடித்துத் திருப்பினார். கை ஒடித்ததென்னவோ பழைய வண்டியின் கணக்கில்.

"யோவ், இது திரும்பாதுய்யா. எறங்கி அந்தாண்ட போயி ஆட்டோ புடிச்சிரலாம்" என்றாள் அவள் பின்சீட்டிலிருந்து.

"கம்னு குந்து. ஒரே ஒடிப்புல வந்துரும்."

வரவில்லை. எதிர்ப்பக்கக் கான்கிரீட் கட்டைகளில் முட்டி நின்றது. பின்னால் கன்டெய்னர் டிரெய்லர். அதற்குப் பின்னால் துறைமுக வரிசை. சாண் சாணாக முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்ததில் இருபது நிமிடம் போயிற்று. கடைசியில் ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வழியிலேயே உயிர் பிரிந்தது. அந்தத் திருப்பத்தில் பேய் அடித்துவிட்டது என்றது ஊர்.

அன்றிலிருந்து ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போதெல்லாம் 'இது திரும்பாதுய்யா' என்ற அவள் குரல் கேட்கிறது. சவாரி ஏறியவர் வாயே திறந்திருக்க மாட்டார், இவர் "இன்னாமே?" என்று கண்ணாடியைப் பார்ப்பார்.

"பேயெல்லாம் இல்லன்னு எனுக்குத் தெரியும் சார். ஆனா கேக்குதே" என்கிறார்.

தன் தவறு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளாமல் அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஞாயிறு காலைகளில் காலி யார்டு ஒன்றில், ஸ்டாண்டு நண்பர்களின் வண்டிகளை ஒவ்வொன்றாக வட்டமடித்தார். வண்டியின் முன்பக்க மூலையில், ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலைக் கட்டிவிட்டார். அது சொட்டிய ஈர வட்டத்தை டேப் வைத்து அளந்தார்.

"இன்னா மாமு, கோலமா? மார்கழி முடிஞ்சி போச்சே" என்றான் டேப்பைப் பிடித்த நோயல்.

"ஆட்டாம புடி நைனா."

ஆம்னி இருபத்தேழு அடி. ஆல்ட்டோ முப்பது. எர்டிகா முப்பத்துநான்கு. ஆம்புலன்ஸ் முப்பத்தொன்பது.

பிறகு அந்தத் திருப்பத்தை அளந்தார்கள். முப்பத்தோரு அடி. கட்டைகளுக்குப் பின்னாலிருந்த பழைய சாலை விளிம்புவரை பிடித்தால் நாற்பது. டிரெய்லர்கள் வரிசை நிற்பதற்காக யாரோ இறக்கிவைத்த கட்டைகள், ஒன்பது அடியைத் தின்றிருந்தன.

மனு எழுதினார். பார்க்க வந்த அதிகாரி தள்ளியே நின்றார். அதற்குள் லாரிக்காரர்கள் நடுக்கட்டைக்கு மஞ்சள் பூசி, சிவப்புத் துணி சுற்றி, 'மோகனம்மன்' என்று பெயரும் எழுதியிருந்தார்கள். அங்கே கற்பூரம் கொளுத்தி, எலுமிச்சையை டயரில் நசுக்காமல் ஒருவரும் திரும்புவதில்லை.

"கோயிலாயிடுச்சே. கைவெச்சா கலவரமாயிடும்" என்றார் அதிகாரி.

"சாமி இல்ல சார், என் பொண்டாட்டி. நான் சொல்றேன், இடிங்க."

"ஊர்க்காரங்க கையெழுத்து இருநூறு வாங்கிட்டு வாங்க."

இதுவரை நாற்பத்தொன்று சேர்ந்திருக்கிறது. மற்றவர்களுக்கு அம்மன் கோபித்துக்கொள்வாளாம். அவளைக் கொன்ற கட்டைக்கே அவள் பெயரைச் சூட்டிக் காவல் காக்கிறோம். அடுத்த ஆம்புலன்ஸும் அங்கேதான் திரும்பியாக வேண்டும்.

மனு ஸ்டாண்டில் நோயலிடம் இருக்கிறது. கற்பூரம் வாங்கப் போகுமுன் அங்கே போய்க் கையெழுத்துப் போடுங்கள்.